எங்கள் வீட்டுக்கு ஆக்டேவ் வந்த கதை

மலருக்குக் கவிதைகள் (பாதி நிலாவைப் பற்றி, மீதி அம்மாவைப் பற்றி) குவிந்துவிட்டன, நீயாவது ஏதாவது டெக்னிக்கலாக எழுது என்று சங்கத்தில் கேட்டார்கள். அதனால் எங்கள் பிராஜெக்ட்டுக்காக ஒரு கணக்கு சாஃப்ட்வேரைப் பழைய லினக்ஸ் லேப்டாப்பில் ஏற்றிய கதையை எழுதுகிறேன். அடுத்த வருடம் பிராஜெக்ட் செய்யப் போகும் தம்பி தங்கைகளுக்கு உபயோகப்படும். கட்டளைகளைக் காதில் விழுகிறபடி தமிழிலேயே எழுதியிருக்கிறேன். கீபோர்டில் உட்கார்ந்தால் தானாகப் புரியும்.

முதலில் பிராஜெக்ட். நாங்கள் நான்கு பேர். அரை ஹெச்.பி. மோட்டார் ஒன்றின் உடம்பில் சென்சார் ஒட்டி, அது எப்படிச் சூடேறுகிறது என்று நொடிக்கு ஒரு ரீடிங் வீதம் ஒரு மணி நேரம் எடுக்க வேண்டும். மொத்தம் 3600 எண்கள். சென்சார் தருகிற எண் ஒரு இடத்தில் நிற்காது. 52 என்னும், 54 என்னும், உடனே 51 என்னும். அப்படியே கிராஃப் போட்டால் மழைக்குப் பிறகு முடிச்சூர் ரோடு எப்படி இருக்குமோ அப்படி இருக்கும்! பக்கத்துப் பக்கத்து எண்களை எடுத்துச் சராசரி போட்டுக்கொண்டே நகர்ந்தால்தான் உண்மையான ஏற்ற இறக்கம் தெரியும். போன பேட்ச் அண்ணன்கள் அதற்கு ஆக்டேவில் புரோகிராம் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதில் முக்கியமான கட்டளையின் பெயர் 'மூவ்மீன்'. எங்கள் குரூப்பில் அதற்கு 'மூணு மீன்' என்று பெயர் வைத்தோம். மேட்லேப் காசு கொடுத்து வாங்க வேண்டியது. ஆக்டேவ் இலவசம், ஏறக்குறைய அதே மாதிரி எழுதலாம். லேப் கம்ப்யூட்டரில் வெளி சாஃப்ட்வேர் ஏற்ற அனுமதி இல்லை. அது நியாயம்தான், நம் பசங்க கேம்ஸ் ஏற்றுவார்கள்.

ஆக, வீட்டில் ஏற்ற வேண்டும். வீட்டில் கம்ப்யூட்டர் ஏது? அப்பா முடிச்சூரில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். ஏழாவது வரை படித்தார். அம்மா மெப்ஸில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் வேலை. பத்தாவதைத் தாண்டி எங்கள் வீட்டில் யாரும் போனதில்லை, நான்தான் முதல். பக்கத்து வீட்டு அக்கா பிளஸ் டூ படித்தபோது 2014-ல் வாங்கிய அரசாங்க லேப்டாப்பை இரவல் கொடுத்தார். கொடுக்கும்போதே, "தம்பி, இதுல என் கல்யாண போட்டோ, டி.என்.பி.எஸ்.சி. நோட்ஸ் எல்லாம் இருக்கு. எதையும் அழிச்சிடாத" என்றார். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் மூழ்கியபோது பரண் மேல் இருந்து தப்பித்த லேப்டாப் அது. என் கையில் அது போய்விட்டால் தெருவில் எப்படி நடப்பது?

அந்த லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. ஆரம்பத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸையும் போட்டுத்தான் கொடுத்தார்கள். பாஸ் லினக்ஸ் என்றதும் சிரிக்காதீர்கள். சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007-ல் வெளியிட்டது. அதற்குப் பின்னால் இருந்த கட்டற்ற மென்பொருள் தேசிய வள மையத்தை 2005 முதல் சி-டாக் சென்னையும், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் இருக்கும் ஏ.யு-கே.பி.சி. ஆராய்ச்சி மையமும் சேர்ந்து நடத்தின. அப்துல் கலாம் படித்த அதே எம்.ஐ.டி.தான். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் சானடோரியம், அடுத்தது குரோம்பேட்டை, அவ்வளவுதான். இரண்டு ஸ்டேஷன் தள்ளி நடந்த இந்த வேலையைப் பற்றி மூன்றாம் வருடம் வரும்வரை யாருமே என்னிடம் சொன்னதில்லை.

பாஸ், டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. அக்காவின் தம்பி பிற்பாடு அந்த லேப்டாப்பில் டெபியன் 9-ஐயே போட்டிருந்தான். அதில் ஆக்டேவ் ஏற்கெனவே இருந்தது! சந்தோஷமாக அண்ணன்களின் புரோகிராமை ஓட்டினேன். 'மூவ்மீன்' என்றால் என்னவென்றே தெரியாது என்றது. காரணம் எளிது. டெபியன் 9 வந்தது 2017-ல். 'மூவ்மீன்' ஆக்டேவின் ஐந்தாம் பதிப்பில், 2019-ல்தான் சேர்ந்தது. பிறப்பதற்கு முன்னாலேயே ஒருவரை அடையாளம் காட்டச் சொன்னால் எப்படி? டெபியனையே புதிதாகப் போடலாம் என்றார்கள் நண்பர்கள். அக்காவின் கல்யாண போட்டோ கண்முன் வந்தது. வேண்டாம். புது ஆக்டேவின் மூல நிரலை இறக்கி, நாமே கம்பைல் செய்து, பழையதற்குப் பக்கத்தில் தனி டைரக்டரியில் வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

கம்பைல் செய்யக் கருவிகள் வேண்டும். 'ஆப்ட்-கெட் அப்டேட்' என்று அடித்தேன். வரிசையாக 404. கேட்ட பொருள் இங்கே இல்லை என்று அர்த்தம். இதைப் பார்த்து நெட் சரியில்லை என்று நினைத்து டேட்டா ரீசார்ஜ் செய்தவர்கள் நம் வகுப்பிலேயே இருக்கிறார்கள். 2023 டிசம்பருக்குப் பிறகு கோயம்பேட்டில் போய் மதுரை அரசு பஸ்ஸுக்கு நின்றால் என்ன ஆகும்? பஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, கிளாம்பாக்கத்திலிருந்து! டெபியனும் அப்படித்தான். ஒரு பதிப்புக்கு வயதாகிவிட்டால் அதன் கோப்புகளை வழக்கமான இடத்திலிருந்து எடுத்து 'ஆர்க்கைவ்' என்ற கிடங்குக்கு மாற்றிவிடுவார்கள். டெபியன் 9-ஐ 2023-ல் மாற்றினார்கள். 'சோர்சஸ் டாட் லிஸ்ட்' என்ற கோப்பில் பழைய முகவரியை எடுத்துவிட்டு ஆர்க்கைவ் முகவரியை எழுதினேன். வந்துவிட்டது. பழைய லேப்டாப் வைத்திருக்கிறவர்கள் இதை மட்டும் குறித்துக்கொண்டாலே போதும். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். கிடங்குக்குப் போன பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. அதில் பேங்க் வேலை பார்க்காதீர்கள்.

அடுத்தது 'கான்ஃபிகர்'. கட்டடம் கட்டும் முன் மேஸ்திரி வந்து மணல் இருக்கா, ஜல்லி இருக்கா, தண்ணி இருக்கா என்று பார்ப்பாரே, அந்த வேலை. அது திரையில் ஓட விட்ட வரிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். கடைசியில் நின்றது. ஃபோர்ட்ரான் கம்பைலர் இல்லாமல் ஆக்டேவைக் கட்ட முடியாது என்றது.

ஃபோர்ட்ரான்! 1957-ல் ஐ.பி.எம்.மில் வந்த மொழி. என் தாத்தா வயசு. அது எதற்கு இங்கே என்று தேடினேன். மேட்ரிக்ஸ் கணக்குகளைப் போட 'பிளாஸ்' என்றும் 'லாபேக்' என்றும் இரண்டு நூலகங்கள் இருக்கின்றன. பிளாஸ் 1979-லும் லாபேக் 1992-லும் வந்தவை. இன்றைக்கும் உலகத்தில் பாதி விஞ்ஞான சாஃப்ட்வேர் உள்ளே இவற்றின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லலாம். அவை முதலில் எழுதப்பட்டது ஃபோர்ட்ரானில்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆக்டேவ் பிறந்ததே ஃபோர்ட்ரான் தொல்லையால்தான்! அமெரிக்காவில் கெமிக்கல் ரியாக்டர் வடிவமைப்பு படித்த மாணவர்கள், பாடத்தைப் படிக்காமல் ஃபோர்ட்ரான் நிரல் ஏன் ஓடவில்லை என்று தேடுவதிலேயே நேரத்தைக் கழித்தார்களாம். அவர்களுக்காக 1988 வாக்கில் யோசித்த சாஃப்ட்வேரை ஜான் ஈட்டன் என்பவர் 1992-லிருந்து முழுமூச்சாக எழுதினார். 1994-ல் முதல் பதிப்பு வந்தது. பெயரும் சங்கீதத்திலிருந்து வந்ததில்லை. அவருடைய பேராசிரியர் ஆக்டேவ் லெவன்ஸ்பீல், பெரிய கணக்கையும் ஒரு துண்டுக் காகிதத்தில் சட்டென்று போட்டுக் காட்டுவாராம். அந்தப் பெயர்தான். மாணவர்கள் ஃபோர்ட்ரானோடு மல்லுக்கட்டக் கூடாது என்று உருவாக்கிய சாஃப்ட்வேருக்காக, முடிச்சூரில் ஒருத்தன் ராத்திரி பதினோரு மணிக்கு ஃபோர்ட்ரான் கம்பைலர் தேடிக்கொண்டிருந்தான்!

அதை ஏற்றியதும் அடுத்த தடை. 'பி.சி.ஆர்.இ. நூலகமும் ஹெடர் கோப்புகளும் வேண்டும்' என்றது. நூலகம் ஏற்கெனவே மெஷினில் இருக்கிறது, நான் பார்த்தேன். அப்புறம் ஏன் இல்லை என்கிறது? இங்கேதான் பலபேர் விட்டுவிட்டு ஓடுகிறார்கள். டெபியனில் ஒரு நூலகத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஓட்டுவதற்கு ஒன்று. அதை வைத்து இன்னொன்றைக் கட்டுவதற்கு இன்னொன்று, அதன் பெயரின் கடைசியில் 'டெவ்' என்று ஒட்டியிருக்கும். எங்கள் கடைப் பாஷையில் சொன்னால், மோட்டார் இருக்கிறது, கனெக்‌ஷன் டயகிராம் இல்லை. 'டெவ்' பொட்டலத்தை ஏற்றினால் தீர்ந்தது. இதே மாதிரி பிளாஸ், லாபேக், ரீட்லைன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொண்டது. ஒன்றைக் கொடுத்தால் அடுத்ததைக் கேட்கும், சீர் வரிசை மாதிரி. கடைசியில் ஒரு பக்கம் நிறைய 'வார்னிங்' வந்தது. அது இல்லை, இது இல்லை என்று ஒப்பாரி. ஆனால் நிற்கவில்லை. நிறுத்தினால் எரர், புலம்பினால் வார்னிங். எங்களுக்குத் தேவைப்படாத வசதிகளுக்கான புலம்பல்களை அப்படியே விட்டுவிட்டேன்.

இனிமேல் 'மேக்'. இணையத்தில் கிடைத்த குறிப்பில் 'மேக்' போட்டுப் பின்னால் ஜே-நான்கு என்று போடச் சொல்லியிருந்தது. நான்கு கோப்புகளை ஒரே நேரத்தில் கம்பைல் செய்யும், சீக்கிரம் முடியும். ஓடியது. லேப்டாப் இட்லி குண்டான் மாதிரி சூடானது. முக்கால் மணி நேரத்தில் நின்றது. 'கம்பைலருக்கு உள்ளேயே கோளாறு, கொல்லப்பட்டது, முழு விவரத்தோடு புகார் அனுப்பவும்' என்கிற மாதிரி ஒரு செய்தி.

கொல்லப்பட்டதா? யார் கொன்றது? மறுபடி ஓட்டினேன். வேறொரு கோப்பில் நின்றது. மறுபடி. மூன்றாவதாக ஒரு கோப்பு. கம்பைலரிலேயே கோளாறு என்றால் அதை எழுதிய மேதாவிகள் திருத்த வேண்டும், நான் என்ன செய்ய முடியும்? சனிக்கிழமை அது. புதன்கிழமை ரிவ்யூ. குரூப்பில் ஒருத்தன், "விடுடா, கிராஃப் கையில வரைஞ்சிடலாம்" என்று மெசேஜ் போட்டான். 3600 புள்ளிகளைக் கையில்! நமக்கு இதெல்லாம் ஆகாது, இங்கிலீஷ் மீடியத்துப் பசங்க சமாச்சாரம் இது என்ற நினைப்பு அந்த ராத்திரி எனக்கும் வந்தது என்று சொல்வதில் வெட்கம் இல்லை.

அப்பா கடையை மூடிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார்.

"என்னடா, அதையே முறைச்சுப் பார்த்துட்டு இருக்க?"

"நின்னுடுதுப்பா. மூணு தடவை போட்டேன். மூணு தடவையும் நின்னுடுச்சு."

"ஒரே இடத்துலயா நிக்குது?"

"இல்ல. ஒவ்வொரு தடவையும் வேற வேற இடம்."

அப்பா சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார். "ஒரே இடத்துல நின்னா மோட்டார்ல கோளாறு. வேற வேற இடத்துல நின்னா மோட்டார் மேல தப்பு இல்லடா. சப்ளைய பாரு. லோ வோல்டேஜா இருக்கும்."

அவருக்குக் கம்பைலர் என்றால் என்னவென்று தெரியாது. நான் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு யோசித்தேன். கம்ப்யூட்டருக்குச் சப்ளை எது? கரண்டு, சரி. அதற்குமேல் டிஸ்க்கில் இடம். இருந்தது. அப்புறம் மெமரி. 'ஃப்ரீ' என்று அடித்துப் பார்த்தேன். மொத்தமே 2 ஜி.பி., அதில் பிரவுசர் வேறு கால் நீட்டிப் படுத்திருந்தது. பிறகு 'டி-மெசேஜ்' என்று அடித்தேன். கெர்னல் தன் நாட்குறிப்பை எழுதுகிற இடம் அது. அங்கே இருந்தது! 'மெமரி தீர்ந்துவிட்டது, இன்ன புராசஸைக் கொன்றேன்.' கொலைகாரனே கையெழுத்துப் போட்டு வைத்திருந்தான்.

விஷயம் இதுதான். ஆக்டேவின் சி பிளஸ் பிளஸ் கோப்புகள் சில, ஒவ்வொன்றும் தனியாகவே நூற்றுக்கணக்கான எம்.பி. மெமரி தின்னும். நான்கை ஒன்றாக ஓட்டினால் 2 ஜி.பி. தாங்காது. மெமரி முழுக்கத் தீர்ந்தால் லினக்ஸ் கெர்னல் சிஸ்டமே உறைந்து போகாமல் இருக்க, நிறையத் தின்கிற ஒரு புராசஸைப் பிடித்துக் கொன்றுவிடும். அந்த நேரத்தில் எந்தக் கோப்பு மாட்டுகிறதோ அது பலி. அதனால்தான் ஒவ்வொரு தடவையும் வேறு இடம். கம்பைலர் பாவம், தன்னைக் கொன்றது யார் என்றே தெரியாமல் தன் மேலேயே பழி போட்டுக்கொண்டது.

மருந்து சின்னதுதான். டிஸ்க்கில் 2 ஜி.பி.க்கு ஒரு காலிக் கோப்பு உண்டாக்கி, 'எம்கே-ஸ்வாப்', 'ஸ்வாப்-ஆன்' என்று இரண்டு கட்டளை கொடுத்தால், மெமரி போதாதபோது அதைத் துணைக்கு வைத்துக்கொள்ளும். வேகம் குறையும், ஆனால் சாகாது. பிரவுசரை மூடினேன். ஜே-நான்கை எடுத்துவிட்டு வெறும் 'மேக்' போட்டேன், ஒரு நேரத்தில் ஒரு கோப்பு. ராத்திரி பத்தரைக்கு ஆரம்பித்தது. அம்மா ஒரு தடவை எழுந்து, "இது என்னடா ராத்திரி பூரா உறுமுது, கரண்டு பில்லு யாரு கட்டுவா?" என்று கேட்டுவிட்டுப் படுத்தார். ஒன்றரைக்கு நிஜமாகவே கரண்டு போனது. பேட்டரி பத்து நிமிஷம்கூடத் தாங்காத கிழம், அணைந்துவிட்டது. ஆனால் 'மேக்' என்பதன் அருமையே அங்கேதான் இருக்கிறது. கரண்டு வந்ததும் ஸ்வாப்-ஆன் செய்து மறுபடி 'மேக்' என்றதும், முடிந்த கோப்புகளை விட்டுவிட்டு முடியாததிலிருந்து தொடர்ந்தது. எந்தக் கோப்பு எப்போது மாறியது என்று நேரத்தை ஒப்பிட்டுப் பார்த்தே இதைச் செய்கிறது. 1976-ல் பெல் லேபில் எழுதின யோசனை.

விடியும்போது முடிந்திருந்தது. கைதட்டல் எதுவும் இல்லை. கர்சர் மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. யூனிக்ஸ் குடும்பத்துப் பழக்கம் அது, வேலை நன்றாக நடந்தால் வாயைத் திறக்காது. 'மேக் செக்' என்றால் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். ஆயிரக்கணக்கான சோதனைகளில் பாஸ் ஆகி, சிலதில் மட்டும் ஃபெயில். (நம் ரிசல்ட்டைவிட எவ்வளவோ மேல்.) 'மூவ்மீன்' ஓடியது.

ஆங்கிலத்தில் படித்துப் புரிந்துகொள்ளக் கஷ்டப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல். ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் லினக்ஸ், சைலேப் பாடங்கள் தமிழில் பேசிக் கேட்கக் கிடைக்கின்றன. சைலேப்பும் ஆக்டேவ் மாதிரிதான், பிரான்ஸிலிருந்து வந்தது. டெர்மினல் என்றாலே பயப்படுகிற எங்கள் குரூப் நண்பனை அந்தத் தமிழ்ப் பாடங்கள்தான் உட்கார வைத்தன.

கிராஃப் வந்தது. மேடு பள்ளமெல்லாம் போய், வெப்பநிலை வழுவழு என்று ஏறி, ஒரு மட்டத்தில் நின்றது. ஆனால் நாற்பதாவது நிமிஷத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு திமில். ஏறி, இறங்கி, மறுபடி மட்டம். நாங்கள் நால்வரும் மண்டையை உடைத்துக்கொண்டோம். சென்சார் கோளாறா? புரோகிராம் கோளாறா? அந்த இடத்தை வெட்டிவிடலாம் என்றுகூடப் பேச்சு வந்தது. பிரிண்ட் எடுத்த காகிதம் கடை மேஜை மேல் கிடந்தது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கீழே இருப்பது நிமிஷம், பக்கத்தில் இருப்பது சூடு என்று சொன்னேன். விரலை அந்தத் திமில் மேல் வைத்தார்.

"இந்த இடத்துல கரண்டு போயிருக்கும். நீங்க ரீடிங் எடுத்த அன்னைக்கி அஞ்சு நிமிஷம் போச்சே."

"கரண்டு போனா சூடு குறையணுமேப்பா, ஏறுதே?"

"மோட்டார் நின்னா ஃபேனும் நின்னுடும்ல? உள்ள இருக்கற சூடு எங்க போவும்? உடம்புக்கு வந்து, அப்புறம்தான் ஆறும்."

நோட்டை எடுத்துப் பார்த்தோம். ரீடிங் எடுத்த நேரமும் கரண்டு போன நேரமும் சரியாகப் பொருந்தின. ரிப்போர்ட்டில் அந்தத் திமிலுக்கு மட்டும் அரைப் பக்கம் எழுதினோம். ரிவ்யூவில் சார் வேறு எதையும் அவ்வளவு நேரம் கேட்கவில்லை.

லேப்டாப்பை அக்காவிடம் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. திறந்து முதலில் கல்யாண போட்டோவைத்தான் பார்த்தார், எல்லாம் இருந்தன. எந்த எரருக்கு எந்த 'டெவ்' பொட்டலம், ஆர்க்கைவ் முகவரி எப்படி மாற்றுவது, ஸ்வாப் எப்படிப் போடுவது என்று வரிசையாக எழுதின நாற்பது பக்க நோட்டு ஒன்று மெக்கானிக்கல் லேப் அலமாரியில், இரண்டாவது தட்டில் இருக்கிறது. பச்சை அட்டை. ஜூனியர்கள் எடுத்துப் பார்க்கலாம். பார்த்துவிட்டு அதே இடத்தில் வைத்துவிடுங்கள்.

— இயந்திரவியல், மூன்றாம் ஆண்டு